நுரையீரல் புற்றுநோய்ச் சாவைக் குறைக்கும் சட்டம்: வடசென்னையிலிருந்து ஒரு பார்வை

2022 அக்டோபரில் தமிழ்நாடு சட்டமன்றம் ஹூக்கா பார்களைத் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. மத்திய அரசின் புகையிலைச் சட்டத்தில் மாநிலம் செய்த திருத்தம் அது. பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. ஹூக்கா பார் நடத்துபவருக்குக் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. கூடவே 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வடசென்னையின் கொருக்குப்பேட்டையிலோ காசிமேட்டிலோ நுரையீரல் புற்றுநோய் கண்டு இறந்துபோகிறவர் அநேகமாக ஹூக்கா பார் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். அவர் பிடித்தது பீடி. டீக்கடையில் ஒவ்வொன்றாக வாங்கிப் பிடித்த சிகரெட். இல்லையென்றால் எதையுமே பிடிக்காமல், எண்ணூர் நெடுஞ்சாலையில் முப்பது வருடம் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே வேலை பார்த்தவராக இருப்பார். அடுப்புப் புகையும் வீட்டுக்காரரின் பீடிப் புகையும் சேர்ந்த ஒற்றை அறையில் காலம் தள்ளிய அம்மாவாகவும் இருக்கலாம்.

ஒரு மாநில அரசு சட்டம் போட்டு நுரையீரல் புற்றுநோய்ச் சாவைக் குறைக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் இதுவரை நாம் போட்ட சட்டங்கள் எல்லாம் புகைப்பவர் கையைத்தான் பார்த்திருக்கின்றன. அதைவிட அதிக உயிரைக் காக்கக்கூடிய இடம் வேறொன்று இருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்க ஆகும் தாமதம்தான் அது. அங்கே நம் சட்டம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் இந்த நோய் ஏன் இத்தனை பேரைக் கொல்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நுரையீரலின் உள்திசுவுக்கு வலி தெரியாது. கட்டி வளர்ந்து வெளிச்சவ்வையோ விலாவையோ தொடும் வரை உடம்பு பெரும்பாலும் சத்தம் காட்டாது. அப்படியே காட்டினாலும் இருமல், சளியில் ரத்தம், எடை குறைவது, மூச்சு வாங்குவது என்றுதான் காட்டும். இவை அத்தனையும் டி.பி.க்கும் உரிய அறிகுறிகள். கட்டி நுரையீரலுக்குள் ஒரே இடத்தில் இருக்கும்போது பிடித்துவிட்டால், அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்குப்படி, 100 பேரில் ஏறத்தாழ 60 பேர் ஐந்தாண்டுக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். மூளைக்கோ எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவிய பிறகு கண்டுபிடித்தால் அது 10 பேருக்கும் கீழே போய்விடுகிறது. நம் நாட்டில் பெரும்பாலானவர்கள் மூன்றாம், நான்காம் நிலையில்தான் புற்றுநோய் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

பொதுச் சுகாதாரம் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதற்கும் முன்பே, 1939-லேயே, சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல் சட்டம், இன்றும் நடைமுறையில் உள்ளது. புகைபிடிப்பதைத் தடுப்பதிலும் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவில்லை. பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதையொட்டி புகைபிடித்தலையும் எச்சில் உமிழ்தலையும் தடுக்கும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கே நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் ஒரு புகையிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கோட்பா என்று சொல்கிறார்களே, அதுதான். புகையிலைத் தொழிலை ஒன்றிய அரசின் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொள்கிறோம் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவே சொல்கிறது. அதனால் மாநிலம் இன்று ஏதாவது கூட்டவோ மாற்றவோ விரும்பினால், திருத்தம் போட்டுக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். ஹூக்கா திருத்தம் போன வழி இதுதான்.

அந்த வழி மற்றவற்றுக்கும் திறந்தே இருக்கிறது. பக்கத்து மாநிலமான கர்நாடகம் அதைச் செய்துகாட்டியிருக்கிறது. அங்கே 2024-இல் நிறைவேறிய திருத்தத்துக்கு 2025 மே மாதம் ஒப்புதல் வந்தது. ஹூக்கா பாருக்குத் தடை போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. புகையிலை வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக உயர்த்தினார்கள். பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் என்று இருந்ததை 1,000 ஆக்கினார்கள். சிகரெட்டைப் பிரித்து ஒன்றொன்றாக விற்பதையும் தடுத்தார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் வடசென்னைக்கு மிக முக்கியம். 2016 ஏப்ரலிலிருந்து சிகரெட் பெட்டியின் இருபக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது விதி. நம் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் பெட்டியாக வாங்குபவர் எத்தனை பேர்? தண்டையார்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வருபவரும், மீன்பிடித் துறைமுகத்தில் வலை இழுத்துவிட்டு வருபவரும் டீயோடு ஒன்று வாங்கி, கடையில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள். பெட்டி கடைக்காரரிடமே இருக்கிறது, எச்சரிக்கைப் படமும் அங்கேயே இருக்கிறது. முழுப் பெட்டிக்குக் காசு இல்லாத பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் ஒரு சிகரெட்டுக்குக் காசு இருக்கும். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், உதிரி விற்பனை இருக்கும் வரை அந்த இரண்டுக்கும் பெரிய பலம் இல்லை. புகையிலை விற்க மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும், அந்தக் கடையில் மிட்டாய், பிஸ்கட் விற்கக் கூடாது என்று ஒரு விதி வந்தால், சோதனைக்குப் போகிற அதிகாரிக்கு எந்தக் கடை, எங்கே என்ற பட்டியலாவது கையில் இருக்கும்.

பெட்டிக்கடை நடத்துபவரின் பிழைப்பும் இதில் இருக்கிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் அந்தக் கடைகளை நடத்துபவர்களில் கணவனை இழந்த பெண்களும் கை கால் முடியாதவர்களும் உண்டு. சட்டம் அவர்கள் தலையில் மட்டும் விழுந்தால் அது அநியாயம். உதிரியாகக் கடைக்கு அனுப்பப் பழகிய மொத்த வியாபாரியையும் தயாரிப்பாளரையும் பொறுப்பாக்காத எந்த விதியும் நியாயமாக நடக்காது.

பீடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலையில் சுற்றியது, சிறியது, அதனால் சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. உண்மை வேறு. பீடி அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் நுரையீரலுக்குள் அதிகமாகவே போகின்றன. இப்படிப்பட்ட பீடிக்கு 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைப்பதென்று முடிவெடுத்தார்கள். பீடி சுற்றும் பெண்களின் வேலை போய்விடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தப் பெண்களுக்கு மாற்றுத் தொழில் ஏற்பாடு செய்ய வேண்டியது அரசின் கடமை. அதற்காகப் பீடியின் விலையை மலிவாக வைத்திருப்பது, பிடிப்பவரின் உயிரிலிருந்து எடுத்துக் கொடுப்பதாகும்.

வரியைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உலகில் புகைபிடிப்பதைக் குறைத்த சட்டங்களிலேயே அதிகம் வேலை செய்தது வரிதான். கலிஃபோர்னியா மாநிலத்தில் 1988-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒரு சட்டம் வந்தது. சிகரெட் பெட்டி ஒன்றுக்குக் கூடுதலாக 25 சென்ட் வரி. அந்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் புகையிலைக்கு எதிரான சுகாதாரக் கல்விக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு விகிதம், அமெரிக்காவின் மற்றப் பகுதிகளைவிட வேகமாக இறங்கியது. தமிழ்நாடு இன்று அதே காரியத்தைச் செய்ய முடியாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு புகையிலைக்கு மாநிலம் தனியாக விற்பனை வரி போடும் வழி அடைபட்டுவிட்டது. நமக்கு மிச்சம் இருப்பது ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒரு குரலும் ஓட்டும்தான். பீடி வரி குறைந்தபோது அந்தக் குரல் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் வருத்தம்.

புகையிலை ஒரு பக்கம். புகைக்காதவருக்கும் இந்த நோய் வருகிறதே, அதற்கு என்ன சட்டம்?

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் டீசல் புகையையும், 2013-இல் வெளிக்காற்று மாசையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்து முதல் வகையில் சேர்த்தது. அதே வகையில்தான் புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கின்றன. ஒரே வகை என்பதால் ஒரே அளவு ஆபத்து என்று அர்த்தமில்லை. ஒரு ஆளுக்குப் புகையிலையால் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். ஆனால் பீடி வேண்டாமென்று ஒருவர் விட்டுவிடலாம், மூச்சை விட முடியாது.

வடசென்னையின் வரைபடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மணலியில் 1960-களில் வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதைச் சுற்றி உரத் தொழிற்சாலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் நாடு முழுவதும் தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, மிக மோசமாக மாசுபட்டவை என்று 43 இடங்களைப் பட்டியலிட்டது. அதில் மணலியும் ஒன்று. வடக்கே போனால் அத்திப்பட்டு, வல்லூர். 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆனால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024-இல் திறக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800, வல்லூர் 1,500. கூட்டினால் 4,000 மெகாவாட்டைத் தாண்டுகிறது. அத்தனையும் நிலக்கரியில் ஓடுவது. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகளும் இந்தச் சாலைகளில்தான் வரிசை கட்டி, இன்ஜினை அணைக்காமல் நிற்கின்றன. கொடுங்கையூர்க் குப்பைமேடு எரிகிற நாட்களில் அந்தப் புகையும் சேர்ந்துகொள்கிறது. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று அந்த மக்கள் போராடுவது ஏன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் நாடாளுமன்றம் போட்டது. அதை நடத்த வேண்டியது மாநில வாரியம். 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு, அந்தச் சட்டத்தில் பல மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனை போய், 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதம் வந்திருக்கிறது. பெரிய ஆலைக்கு 15 லட்சம் ஒரு தொகையே அல்ல. நம்முடைய அளவுகோலும் தளர்வானதுதான். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஆண்டுச் சராசரியில் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய அளவு. உலகச் சுகாதார அமைப்பு 2021-இல் சொன்ன அளவு 5.

அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் கருவி பொருத்த வேண்டும் என்ற விதி 2015 டிசம்பரில் வந்தது. இந்த வாயு காற்றில் போய் நுண்துகளாக மாறுவதால்தான் அந்த விதி. இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய வேலைக்குக் கெடு தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு ஒன்றிய அரசு விலக்கே கொடுத்துவிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 2027 டிசம்பர் இறுதி வரை கெடு.

டெல்லி விலக்கு கொடுத்துவிட்டது, மாநிலம் என்ன செய்யும் என்று கேட்கலாம். ஆனால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்களும் தமிழ்நாடு அரசின் சொந்த மின் நிறுவனத்துடையவை. வல்லூரிலும் மாநிலத்துக்குப் பங்கு உண்டு. தன் சொந்த நிலையத்தில் கருவியைப் பொருத்த ஒரு அரசுக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. நுரையீரல் நோய்களுக்கு அரசு மருத்துவமனைகளில் ஆகும் செலவையும் அதே பேரேட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஒரு வார்த்தை. வடசென்னையில் ஓட்டுக்குப் பதில் ஷீட் போட்ட வீடுகள் ஏராளம். ஷீட் கூரையின் கீழே இருப்பதாலேயே பயந்துவிட வேண்டாம். அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் இழைதான் முக்கிய ஆபத்து. ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய், தொழிலால் வரும் நோய் என்று தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் கான்ட்ராக்டில் தினக்கூலிக்குப் போனவரிடம், இருபது முப்பது வருடம் கழித்து, எங்கே வேலை பார்த்தேன் என்று காட்ட ஒரு சீட்டும் இருக்காது.

இப்போது தாமதத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

புகைபிடிப்பதை இன்றே எல்லோரும் நிறுத்தினாலும், காற்று நாளையே சுத்தமானாலும், அதன் பலன் சாவுக் கணக்கில் முழுதாகத் தெரிய இருபது முப்பது ஆண்டுகள் ஆகும். இந்த நோய் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டுதான் வளர்கிறது. அதற்காக அந்தச் சட்டங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1980-களில் பீடியைத் தொட்டவர்கள் இன்று அறுபதைத் தாண்டி நம்மிடையே இருக்கிறார்களே, அவர்களுக்கு எந்தச் சட்டம் இருக்கிறது என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதற்கு வழி காட்டியது. நீண்டகாலம் அதிகமாகப் புகைத்த 53,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆண்டுக்கொரு முறை குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன், மறு பாதிக்கு எக்ஸ்ரே என்று மூன்று ஆண்டு எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. பின்னர் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்த ஆய்வும் இதை உறுதிசெய்தது. அதன் பிறகு சட்டங்கள் வந்தன. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் பல தலைமுறையாகப் புகையிலை பயிரிட்ட ஊர், அந்த நாட்டிலேயே இந்த நோய்ச் சாவு மிக அதிகமான இடங்களில் ஒன்று. அங்கே 2022-இல் சட்டமன்றமே ஒரு நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைச் சட்டமாக்கியது. யாருக்கு ஸ்கேன், யார் அழைப்பது, எப்படிக் கண்காணிப்பது என்பதற்கு நிரந்தர அமைப்பு கிடைத்தது.

அதை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து திருவொற்றியூரில் வைக்க முடியாது. அந்த அமெரிக்க ஆய்விலேயே, ஸ்கேனில் சந்தேகமாகத் தெரிந்தவற்றில் 96 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோய் இல்லை என்றுதான் முடிந்தது. நம் ஊரில் டி.பி. வந்து ஆறிய தழும்பு எத்தனையோ பேர் நுரையீரலில் இருக்கிறது. எல்லோரையும் ஸ்கேனுக்குள் அனுப்பினால் தழும்புகள் எல்லாம் சந்தேகமாகித் தேவையில்லாத பயாப்ஸியும் (துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) பயமும் மிஞ்சும். ஏற்கெனவே நெரிசலில் இருக்கும் ஸ்கேன் மையங்களில் உண்மையான நோயாளிக்கு இடம் கிடைக்காமலும் போகும். இதை மருத்துவர்கள் சொல்லும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் நம்மிடம் வேறொரு வாசல் இருக்கிறது. அது டி.பி. பரிசோதனைதான்.

வடசென்னையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியும். மாநகராட்சி ஆரம்பச் சுகாதார நிலையம், ஓட்டேரி நெஞ்சக மருத்துவமனை, ஸ்டான்லி என்று வழியும் தெரியும். நடமாடும் எக்ஸ்ரே வண்டிகள் தெருவுக்கே வருகின்றன. 2012-லிருந்து டி.பி. கண்டால் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு என்று 2018-இல் அறிவிக்கை வந்தது. இப்படி டி.பி.க்கு ஒரு முழு அமைப்பும் சட்டத்தின் பின்பலமும் இருக்கின்றன. சளியில் கிருமி இருந்தால் அடுத்த நாளே மாத்திரை, வீட்டுக்கு வந்து விசாரிக்கும் பணியாளர், உதவித்தொகை.

கிருமி இல்லை என்று வந்தால்? அங்கேதான் பாதை முடிகிறது. எக்ஸ்ரேயில் நிழல் தெரியும், சளியில் கிருமி இருக்காது. சிலருக்கு இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சிலருக்கு டி.பி.யாகத்தான் இருக்கும் என்று மாத்திரை தொடங்குகிறார்கள். நம் நாட்டில் டி.பி. அவ்வளவு பரவலாக இருப்பதால் அப்படி நினைப்பதை மருத்துவரின் குற்றம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே மாதங்கள் ஓடுகின்றன. எடை ஏறவில்லை, இருமல் நிற்கவில்லை. வீட்டில் சத்து போதவில்லை போல என்று முட்டையும் பாலும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகளில் கணிசமானவர்கள் முதலில் டி.பி. மருந்து சாப்பிட்டவர்கள் என்று மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. அறுவை சிகிச்சை செய்திருக்கக்கூடிய கட்டி, அந்த மாதங்களில் கைமீறிப் போகிறது.

இதைச் சரிசெய்ய வேண்டிய விதி சின்னது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு எக்ஸ்ரேயில் நிழல் இருந்து சளியில் கிருமி இல்லையென்றால், அல்லது டி.பி. மருந்து தொடங்கி இரண்டு மாதத்தில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால், குறிப்பிட்ட நாட்களுக்குள் சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி எடுத்தே ஆக வேண்டும். அந்த நாட்களை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும். கெடு தாண்டினால் ஏன் என்று மேலதிகாரி எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாத முடிவில் நோயாளியைத் திரும்பப் பரிசோதிப்பது டி.பி. திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் பழக்கம். அதனோடு ஒரு படிவத்தைச் சேர்த்தால் போதும்.

நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுபவர்கள் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைப் பார்க்கலாம். 2022-இல் தமிழ்நாடு தொடங்கியது அது. டி.பி. என்று தெரிந்தவுடனே எடை மிகக் குறைவா, மூச்சுத் திணறுகிறதா, தாங்கிப் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று சில எளிய கேள்விகள். ஆபத்தில் இருப்பவரை உடனே வார்டில் சேர்த்துவிடுகிறார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை, ஒரு காகிதமும் அதைக் கடைப்பிடிக்கும் ஒழுங்கும்தான். ஒரு மாநிலம் முழுவதும் இப்படி ஒன்றைச் செய்த முதல் திட்டம் நம்முடையது. டி.பி. சாவைக் குறைக்க இதைச் செய்ய முடிந்த அரசு, டி.பி. இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவருக்கும் இதேபோல ஒரு காகிதத்தைத் தயாரிக்க முடியும்.

அது சட்டமாகத்தான் வர வேண்டுமா, அரசாணை போதாதா? தொடங்க அரசாணை போதும், வேகமாகவும் வரும். ஆனால் அரசாணை அரசு மருத்துவமனைகளைத்தான் முழுதாகக் கட்டுப்படுத்தும். வடசென்னையில் முதல் இருமலுக்கு மக்கள் போவது பெரும்பாலும் தெருமுனை கிளினிக்குக்கு. அந்தக் கிளினிக்குகளையும் கட்டுப்படுத்தவும், இந்தப் பரிசோதனைகளுக்கான பணத்தை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் உறுதிப்படுத்தவும், ஆட்சி மாறினாலும் நிலைக்கவும் சட்டம் வேண்டும். 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் அத்தியாயமாகச் சேர்த்தாலும் எனக்குச் சம்மதமே.

அந்த அத்தியாயத்தில் கணக்கைப் பற்றியும் ஒரு பிரிவு இருக்க வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான பதிவேட்டை நடத்திவருகிறது. நாட்டின் பழைய பதிவேடுகளில் அது ஒன்று. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் நுரையீரல் முன்வரிசையில் இருப்பதும் அதனால்தான் நமக்குத் தெரிகிறது. ஆனால் அறிக்கைகளில் வருவது சென்னை முழுவதற்குமான எண். தெற்கே இருக்கும் திருவான்மியூரையும் வடக்கே இருக்கும் திருவொற்றியூரையும் ஒரே சராசரிக்குள் போட்டால், மணலிக்காரர்கள் சுவாசிப்பதற்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவே முடியாது. மண்டலவாரியாக, ஆண்டுதோறும், பெயர் விவரம் இல்லாமல் எண்ணிக்கையை வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக. புகைக்காதவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. அது இருந்தால் கீமோவுக்குப் பதிலாக மாத்திரையே கொடுக்கலாம். அந்த மாத்திரைகளில் சில இந்தியாவிலேயே தயாராகி மலிவாகவும் கிடைக்கின்றன. மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை நடந்தால்தான் மாத்திரை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் 2021 முதல் இந்தப் பரிசோதனைச் செலவைக் காப்பீடு ஏற்கவேண்டும் என்று சட்டம் போட்டு வருகின்றன. நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடம் இருக்கிறது. பயாப்ஸி எடுத்த நாளிலேயே இந்தப் பரிசோதனையும் தானாகச் சேர வேண்டும், நோயாளியின் மகன் தனியார் லேபுக்குப் பணம் புரட்டிக்கொண்டு அலையக் கூடாது.

இவை வரும் வரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு, புகைப்பவரோ இல்லையோ, மூன்று வாரத்துக்கு மேல் இருமல் இருந்து, சளி டெஸ்ட்டில் டி.பி. இல்லை என்று வந்தால், அந்தச் சீட்டோடு வீடு திரும்பிவிட வேண்டாம். “அப்போ இந்த நிழல் என்ன டாக்டர், சி.டி. எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். சளியில் ரத்தம் வந்தால் மூன்று வாரம் காத்திருக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் குறைந்த கட்டணத்தில் எடுக்கிறார்கள். காப்பீட்டு அட்டையையும் பழைய எக்ஸ்ரேக்களையும் கையோடு எடுத்துப் போங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தழும்பு எது, புதிதாக வளர்வது எது என்று மருத்துவருக்குத் தெரியும். பீடியையோ சிகரெட்டையோ விட நினைப்பவர் 1800 112 356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம். விட்ட பத்தாண்டில் இந்த நோயால் சாகும் ஆபத்து, தொடர்ந்து பிடிப்பவரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அறுபது வயதில் விட்டாலும் பலன் உண்டு.